ருபார்ப் குறிப்பின் பின்பக்கம்

சேலையூர்,
வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான தபீதாள் அக்காவுக்குத் தம்பி ஆஸ்டின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கோத்தகிரியில் நீங்களும் உங்கள் முட்டியும் தோட்டமும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் சரோஜினியும் சுகம். மற்றவர்களின் சுகத்தைப் பற்றிக் கீழே வரிசையாக எழுதுகிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். ஒரு தாளை உரிய நேரத்தில் திருப்பிப் பார்க்காததால் என்ன நேர்ந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் இருபது வார்த்தை பேசிவிடுவீர்கள். இது நான் பிறந்ததிலிருந்து, அதாவது அறுபது வருடமாக, கண்ட அனுபவம். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

நீங்கள் பஸ்ஸில் போட்டுவிட்ட சாக்கு வியாழக்கிழமை விடியற்காலையில் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் பத்திரமாகக் கைக்கு வந்தது. உள்ளே பன்னிரண்டு ருபார்ப் தண்டு, ஒவ்வொன்றின் தலையிலும் யானைக் காது போல ஒரு இலை, ஈரத் துணி, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் உங்கள் கையெழுத்தில் சமையல் குறிப்பு. நேற்று எங்கள் முப்பதாவது திருமண நாள் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன்னால், நீங்கள் சமையல் வேலை பார்த்த எஸ்டேட் பங்களாவிலிருந்து ஒரு பிஸ்கெட் டின்னில் வைத்து எங்கள் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தீர்களே, புளிப்புத் தண்டைச் சர்க்கரையோடு மாவில் மடித்துச் சுட்ட ஒரு ருபார்ப் டார்ட், அதைப் பற்றிச் சரோஜினி இன்றுவரை பேசுகிறாள். என்னைப் பற்றி அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன நேரத்தில் நானே சுட்டு வைத்து, சாயங்காலம் அவளை அசத்திவிடலாம் என்று உங்களிடம் கேட்டேன். ரிட்டையர் ஆகி எட்டு மாதம் வீட்டில் இருக்கிறவன் ஒரு நாளாவது அசத்தியாக வேண்டும் அல்லவா. உங்கள் குறிப்பின் முன்பக்கத்தை நான்கு தடவை படித்தேன். மைதா எவ்வளவு, வெண்ணெய் எவ்வளவு, ஆரஞ்சுத் தோலை வெள்ளை படாமல் எப்படித் துருவுவது, தண்டை எவ்வளவு நீளம் வெட்டுவது, எல்லாம் இருந்தது. "ஓரத்தை ஒழுங்காக மடிக்காதே. கோணல்மாணலாக இருந்தால்தான் அழகு. கிழிந்தால் ஒட்டு போடு, வெட்கப்படாதே" என்று கோணல்மாணலுக்கு மட்டும் மூன்று வரி கொடுத்திருந்தீர்கள். மூன்று வரி, அக்கா. முன்பக்கத்தில்.

காலை ஏழரை மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து தண்டிலிருந்து இலைகளை வெட்டிக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டுச் சந்திரிகாம்மா கோலம் போட வெளியே வந்தார். வீட்டுக்காரர் ஜெயவேலுவின் மனைவி. ஜெயவேலு அப்போது என்னோடு பேசிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மோட்டார் போட்டுவிட்டு நான் தூங்கிப்போய், தொட்டி வழிந்து, அவர் வாசலில் காயப்போட்டிருந்த புது மெத்தை நனைந்துவிட்டது. அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை, எதிரில் வந்தால் தென்னை மரத்தைப் பார்ப்பார். சந்திரிகாம்மா அப்படி இல்லை, நன்றாகப் பேசுவார்.

"இன்னாண்ணா இது, இம்மாம் பெரிய இலை! சேம்பு மாதிரி கீது?"

"ருபார்ப். எங்க அக்கா மலையிலிருந்து அனுப்பினாங்க."

"ரூபாவா? ஆள் பேரு மாதிரி கீதே. கீரையா இது?"

தண்டைச் சமைத்தால் இலையையும் சமைக்கலாம் என்பதுதான் எனக்குத் தெரிந்த தாவரவியல். முளைக்கீரையில் அப்படித்தானே? "கீரைதான். பருப்பு போட்டுக் கடைஞ்சா பிரமாதமா இருக்கும்" என்றேன். பிரமாதம் என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மெத்தைக்கு ஒரு பிராயச்சித்தமாக இருக்கட்டும் என்று பன்னிரண்டு இலையையும் அள்ளிக் கையில் கொடுத்தேன். "நல்லதாப் போச்சுண்ணா, இன்னைக்கு ஒரு முக்கியமான வூட்டுக்கு சாப்பாடு எத்துகினு போறோம்" என்று வாங்கிக்கொண்டு போனார். நானும் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு மாடிக்குப் போனேன்.

அதன்பிறகு நான் பட்ட பாடு. "வெண்ணெய் கல் போல இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். கோத்தகிரியில் இருக்கும். சேலையூரில் சித்திரை மாதத்தில் பிரிட்ஜிலிருந்து மேடைக்கு வரும் தூரத்திலேயே அது மனம் மாறிவிடுகிறது. மைதாவோடு சேர்த்ததும் என் இரண்டு கையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கேஸ்காரர் மணி அடித்தபோது முழங்கையால் கதவைத் திறந்தேன். மாவை பிரிட்ஜில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். நடுவில் ஆரஞ்சுத் தோல் துருவும்போது கொஞ்சம் விரல் தோலும் போனது, அதைப் பொறுக்கி எடுத்துவிட்டேன், பயப்பட வேண்டாம். தண்டு எப்படித்தான் இருக்கும் என்று ஒரு துண்டைப் பச்சையாகக் கடித்துப் பார்த்ததில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. கடைசியில் சப்பாத்திக் கட்டையால் ஒருவழியாக வட்டம் என்று சொல்லத்தக்க ஒன்றைத் தேய்த்து, நடுவில் தண்டும் சர்க்கரையும் ஆரஞ்சுத் துருவலும் எலுமிச்சைச் சாறுமாகக் குவித்து, ஓரத்தை மடித்தேன். கோணல்மாணல் விஷயத்தில் உங்களை மிஞ்சிவிட்டேன். பன்னிரண்டு பத்துக்கு ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, எத்தனை நிமிடம் என்று பார்க்கக் குறிப்பை எடுத்தேன். முன்பக்கத்தில் இல்லை. திருப்பினேன்.

பின்பக்கத்தில் முதல் வரி: "நாற்பது நிமிடம்." இரண்டாவது வரி: "இலை விஷம். கோழிக்குக்கூடப் போடாதே."

அக்கா, அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அப்படியேதான் இருந்தது. படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழ் வீட்டில் பூட்டு. சந்திரிகாம்மாவுக்குப் போன் போட்டால் பூட்டிய கதவுக்குப் பின்னால் மணி அடிக்கிறது, போனைச் சார்ஜில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஜெயவேலுவுக்குப் போட்டேன், கட் பண்ணினார். மறுபடி போட்டேன், கட் பண்ணினார். மூன்றாவது தடவை சுவிட்ச் ஆஃப். எதிர்வீட்டுப் பரிதா சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"அவங்க இரும்புலியூர் போயிருக்காங்கண்ணே. பெரியவர் தனக்கோடி அண்ணன் வீட்டுக்கு. பதினோரு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் அண்ணன் தம்பி ஒண்ணா உக்காந்து சாப்பிடப் போறாங்களாம்."

"சாப்பாடு எடுத்துட்டுப் போனாங்களா?"

"பெரிய கேரியர்ல. காலைலேர்ந்து கீரை கடையற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சே!"

பரிதாவின் தம்பி ஜமீர் ஆட்டோ வைத்திருக்கிறார், சாப்பிட வந்து வாசலில்தான் நிறுத்தியிருந்தார். பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு வந்து வண்டியை எடுத்தார், அந்தப் புண்ணியவானை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. கேம்ப் ரோடு முனையில் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் தண்ணி லாரி, லாரிக்குப் பின்னால் நாங்கள். நான் ஆட்டோவுக்குள்ளேயே எழுந்து நிற்கப் பார்த்தேன். "சார், உள்ள குந்து சார். நீ நின்னா மட்டும் வண்டி முன்னால போவுமா? இன்னா ஆச்சு, அத்தச் சொல்லு" என்றார் ஜமீர். சொன்னேன். அதன்பிறகு அவர் ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் போனார், ஒரு பள்ளிக்கூட வேனை நடைபாதையில் ஏறி முந்தினார், தாம்பரம் மேம்பாலத்தில் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. நான் உங்களுக்கு ஆறு தடவை போன் போட்டேன். எத்தனை இலை தின்றால் உயிருக்கு ஆபத்து, மாற்று மருந்து என்ன என்று கேட்க. நீங்கள் எடுக்கவில்லை. வியாழக்கிழமை உங்கள் உபவாசக் கூட்டம். மலை மேல் என் அக்கா பட்டினி கிடந்து உலகத்துக்காக ஜெபிக்கிறார், கீழே அவருடைய செடி ஒரு குடும்பத்தையே முடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். மன்னிக்கவும், அப்போது அப்படித்தான் தோன்றியது.

இந்த அண்ணன் தம்பி கதையையும் சொல்லிவிடுகிறேன். இரும்புலியூரில் பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம். நிலமெல்லாம் வீடாகிப்போய், தம்பி சேலையூர்ப் பக்கம் வந்துவிட்டார், அண்ணன் பழைய வீட்டிலேயே இருக்கிறார். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஜெயவேலு தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயரைப் பங்காளிகளுக்குக் கீழே, பொடி எழுத்தில் போட்டுவிட்டார். அச்சகத்துத் தவறு என்று இவர் சொல்கிறார். அச்சகத்துக்காரனுக்கு என்மேல் என்ன பகை என்று அவர் கேட்கிறார். அவ்வளவுதான் சண்டை. இரண்டு பேரும் ஒரே தெருத் திருவிழாவுக்கு வெவ்வேறு பக்கமாக வந்து வெவ்வேறு பக்கமாகப் போனார்கள். சந்திரிகாம்மா பதினோரு வருடம் இரண்டு பக்கமும் நடந்து, கெஞ்சி, கடைசியில் நேற்று மத்தியானத்துக்கு நாள் குறித்திருக்கிறார். அந்த மத்தியானத்தின் நடுவில்தான் நான் போய் இறங்கினேன்.

கூடத்தில் பாய் விரித்து வாழையிலை போட்டிருந்தது. தனக்கோடி அண்ணன் நடுவில், தலைப்பாகை இல்லாத குறையாக, ஒரு பஞ்சாயத்துத் தலைவர் போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தம்பி. எதிரில் சந்திரிகாம்மா கரண்டியோடு. சமாதானத்துக்கு அடையாளமாக அண்ணன்தான் முதல் கவளம் எடுக்க வேண்டும் என்று எல்லாரும் காத்திருந்திருக்கிறார்கள். நான் வாசல்படியில் கால் வைத்தபோது அவர் கீரையைப் பிசைந்து இரண்டாவது கவளத்தை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"சாப்பிடாதீங்க! விஷம்! கீரையில விஷம்!" என்று கத்தினேன். மாவு அப்பிய கையோடு, செருப்பில்லாமல், ஓவன் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தனக்கோடி அண்ணன் கவளத்தை மெதுவாக இலையில் இறக்கி வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"பத்திரிகைல நீ பேரத்தான்டா சின்னதாப் போட்டேன்னு நெனச்சேன். இப்ப ஆளையே எடுத்துடப் பாக்கறியா?"

"அண்ணே! சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே! யோவ், இன்னாய்யா உளர்ற நீ?" இது எனக்கு. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு ஜெயவேலு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நான் மூச்சு வாங்க இலை, மலை, அக்கா, பின்பக்கம் என்று சொல்ல முயன்றேன். அதற்குள் தனக்கோடி அண்ணன் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "எரியுதுடா. உள்ள போய் எரியுது." நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துவிட்டார்.

அப்போது ஜெயவேலு செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அண்ணே, கண்ணத் தொறண்ணே. நான் வெச்சேன்னு நெனச்சிகினு போய்டாதண்ணே" என்று அழுதார். அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. உடனே ஜெயவேலு கீரைச் சட்டியை இழுத்து, கை நிறைய அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார். மறுபடி ஒரு கை. "நீ போனா நானும் வர்றேன். போதுமா?"

"ஐயோ, துன்னாதீங்க! நான் சொல்றதக் கேளுங்களேன்!" என்று சந்திரிகாம்மா கத்தினார். யார் கேட்டது? நானும் ஜமீரும் ஆளுக்கு ஒருவராகத் தூக்கி ஆட்டோவில் போட்டோம். சந்திரிகாம்மா ஓடிவந்து ஏறிக்கொண்டார். இடம் இல்லாமல் நான் ஜமீரின் பக்கத்தில் அரை உடம்பாகத் தொங்கினேன். பின்னால் தனக்கோடி அண்ணன் தம்பியின் தோளில் சாய்ந்து, "என் மவன் கல்யாணத்துல உன் பேர மொத வரில போடறேன்டா, நான் இருந்தா" என்கிறார். தம்பி, "இருப்பண்ணே, இருப்ப" என்று தலையைத் தடவுகிறார். எனக்குக் கண்ணீர் வந்தது. நடுவில் ஒரு சிக்னலில் திடீரென்று ஓவனை நிறுத்தவில்லை என்பது ஞாபகம் வந்தது. வீட்டுக் கதவும் திறந்தே கிடக்கிறது. சரோஜினிக்குப் போன் போட்டால் அவள் வகுப்பில் இருக்கிறாள். ஒரே நாளில் வீட்டுக்காரர், அவர் அண்ணன், அவர் வீடு மூன்றையும் முடித்துவிட்டேன் என்று தீர்மானித்தேன்.

தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். வயது இருபத்தைந்துகூட இருக்காது, அந்த டாக்டரம்மாவுக்கு. நான் "ஆக்ஸாலிக் ஆசிட், டாக்டர்" என்றேன், அந்த இலையில் இருக்கும் விஷத்தின் பெயர், போனில் தேடிப் படித்திருந்தேன். அவர் இருவரின் நாடியையும் நாக்கையும் பார்த்தார். சந்திரிகாம்மா அவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் என்னவோ சொன்னார். திரும்பி வந்த டாக்டரம்மாவின் முகத்தில் பதற்றம் என்பது மருந்துக்கும் இல்லை. "ரெண்டு பேரும் மோர் குடிச்சிட்டு ஒரு மணி நேரம் படுத்திருங்க, அப்புறம் வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். "டாக்டர், விஷம்!" என்றேன். "தெரியும் சார். நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் அலட்சியத்தை என்ன சொல்வது? இதைப் பற்றி எங்காவது புகார் எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

வெளியே உட்கார்ந்தபடி கேட்டேன், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "மோட்டாரும் இவன்தான்ணே நிறுத்தல." "இவன இன்னும் ஏன்டா வெச்சினுகிற? காலி பண்ணச் சொல்லு." "சொல்றேண்ணே. நீ சொன்னா சரி." பதினோரு வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒரே கருத்துக்கு வந்தது என் விஷயத்தில்தான்.

நாலு மணிக்கு வீடு திரும்பினேன். தீயணைப்பு வண்டி ஏதும் வாசலில் நிற்கவில்லை. சரோஜினி சமையலறையில் நின்று ஓவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டே காலுக்குக் கரண்ட் போய், மூன்றரைக்குத்தான் வந்திருக்கிறது. அவள் உள்ளே நுழையவும் ஓவன் தானாக எரியவும் சரியாக இருந்திருக்கிறது. உள்ளே இருப்பது என்ன என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின்பக்கத்தைப் படித்து, நாற்பது நிமிடம் கணக்கு வைத்து, தானே சுட்டு எடுத்தாள். வெண்ணெய் உருகி ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் சாறு வழிந்து, ஒரு விபத்து போல இருந்தது. "அப்படியே அக்கா செஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். நான் நடந்ததைச் சொல்லி முடித்தபோது படியில் காலடிச் சத்தம்.

அண்ணன், தம்பி, பின்னால் சந்திரிகாம்மா. வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் வந்திருந்தார்கள். ஆனால் மேஜையில் டார்ட் இருந்தது. ஆரஞ்சும் வெண்ணெயும் கருகிய சர்க்கரையுமாக வீடே மணந்தது. இருவரும் மத்தியானச் சாப்பாட்டை இலையிலேயே விட்டுவந்தவர்கள்.

"இதுலயும் அந்தச் செடிதான் கீதா?" என்றார் ஜெயவேலு.

"தண்டு. தண்டு ஒண்ணும் செய்யாது. எங்க அக்கா எழுதியிருக்காங்க."

"முன்பக்கமா, பின்பக்கமா?" என்று கேட்டாள் சரோஜினி. இது உங்களுக்காக எழுதுகிறேன்.

"நீ மொதல்ல துன்னு" என்றார் தனக்கோடி அண்ணன். தின்றேன். ஒரு கண் மூடியது, பிறகு இனித்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஐந்து நிமிடம் என்னை உட்காரவைத்தார். நான் சாகவில்லை என்று உறுதியானதும் ஒரு துண்டு எடுத்தார். பிறகு தம்பிக்கு ஒரு துண்டைத் தன் கையாலேயே கொடுத்தார். "புளிக்குதுடா. நல்லாக்கீது." இன்னொரு துண்டு. தட்டு காலியானது. எனக்கும் சரோஜினிக்கும் கருகின ஓரம்தான் மிஞ்சியது. போகும்போது ஜெயவேலு படியில் நின்று, "காலி கீலி எல்லாம் பண்ண வாணாம் சார். மோட்டார மட்டும் இனிமே நீ தொடாத, நானே போட்டுக்கறேன்" என்றார்.

ஆகவே அக்கா, விஷத்தை இனி முன்பக்கத்தில் எழுதுங்கள். முடிந்தால் சிவப்பு மையில். கோணல்மாணலைப் பின்பக்கத்துக்குத் தள்ளிவிடலாம், அது தானாக வருகிறது. முட்டிக்குத் தைலம் தேய்க்கத் தவறாதீர்கள். சரோஜினி உங்களுக்கு முத்தங்கள் சொல்லச் சொன்னாள். ஆண்டவர் உங்களையும் உங்கள் தோட்டத்தையும், தண்டுவரைக்கும், ஆசீர்வதிப்பாராக.

உங்கள் அன்புத் தம்பி,
ஆஸ்டின்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் சந்திரிகாம்மா வந்து, கதவைச் சாத்திவிட்டு, "அண்ணா, அந்த இலைய நான் சமைக்கவே இல்ல" என்றார். பதினோரு வருஷம் கழிச்சுப் போற வீட்டுக்குப் பேர் தெரியாத கீரையை எப்படி எடுத்துட்டுப் போறதுன்னு யோசித்து, இலையையெல்லாம் அப்போதே குப்பை வண்டியில் போட்டுவிட்டு, தள்ளுவண்டியில் சிறுகீரை வாங்கிக் கடைந்தாராம். தனக்கோடி அண்ணனுக்குத் தொண்டை எரிந்தது பச்சைமிளகாயால். டாக்டரம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொல்லத்தாண்ணா வாயத் தொறந்தேன், யாரும் கேக்கல. அப்புறம் ஆட்டோல பாத்தா, ரெண்டு பேரும் கையப் புடிச்சிகினு அழுதுகினு கீறாங்க. சிறுகீரைன்னு தெரிஞ்சா கைய வுட்ருவாங்களேண்ணா" என்றார். நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வேதாகமத்தின்மேல் கை வைத்துச் சொல்லிவிட்டேன். நீங்கள் அந்தக் கணக்கில் இல்லை. எனவே மேலே எழுதியதில் விஷம் வரும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும், திரும்ப எழுத எனக்குக் கை இல்லை. முக்கியமான விஷயம்: தனக்கோடி அண்ணன் என்னிடம் உங்கள் நம்பரை வாங்கிப்போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆராதனை முடிந்ததும் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்களுக்குப் போன் போட்டுத் திட்டப்போகிறாராம். இருவரும் சேர்ந்து என்ன திட்டுவது என்று நேற்றிலிருந்து பேசி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து போனை எடுத்து, குறுக்கே பேசாமல், முழுவதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.